வளைய வீராங்கனை லில்லியன் லைட்செல்

1924ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஜொகூர் பாரு விழாக்கோலம் பூண்டிருந்தது. ஜொகூரையும் சிங்கப்பூரையும் இணைக்கும் பாலம் அப்போதுதான் முறையாகத் திறந்து வைக்கப்பட்டது. முன்பு படகேறி நீரிணையைக் கடந்த மக்கள் இப்போது ரயிலில் அமர்ந்தபடியே அக்கரைக்குப் போகலாம். அதே காலத்தில் உலகின் மறுபுறத்தில், அமெரிக்காவில், ஊர் ஊராகக் கூடாரம் அடித்துச் சென்ற ஒரு பெரிய சர்க்கஸில் வேறொரு காட்சி நடந்துகொண்டிருந்தது. ஏறக்குறைய 43 கிலோகிராம் எடையே கொண்ட ஒரு பெண்மணி, கூடாரத்தின் உச்சியில் ஒரே கையால் தொங்கிக்கொண்டு, தம் உடலைத் தோளுக்கு மேலாகச் சுழற்றிக்கொண்டிருந்தார். கீழே அமர்ந்திருந்த ஆயிரக்கணக்கானோர் ஒன்று, இரண்டு, மூன்று என உரத்த குரலில் எண்ணினர். எண்ணிக்கை ஐம்பதைக் கடந்தது, நூறை நெருங்கியது. அவர் நிற்கவில்லை.

அந்தப் பெண்மணியின் பெயர் லில்லியன் லைட்செல். ஒற்றைக் கை வலிமைக்கு அவரைப்போல் பெயர் பெற்றவர் சர்க்கஸ் வரலாற்றில் அரிது.

லைட்செல் 1892ஆம் ஆண்டு ஜனவரி 2ஆம் நாள் பிரெஸ்லாவ் நகரில் பிறந்தார். அன்று ஜெர்மனியில் இருந்த அந்நகரம் இன்று போலந்து நாட்டில் வ்ரோத்ஸ்வாஃப் என்னும் பெயரில் உள்ளது. பெற்றோர் இட்ட பெயர் லியோபோல்டினா அலித்சா பெலிகான். அலித்சா என்பதே வீட்டில் செல்லமாக மருவி லைட்செல் ஆயிற்று. தாயார் நெல்லி பெலிகான் சர்க்கஸில் உயரக் கம்பிகளில் வித்தை காட்டும் கலைஞர். சர்க்கஸ்காரர்களின் வாழ்க்கை நம் கழைக்கூத்தாடிகளின் வாழ்க்கையைப் போன்றதுதான். இன்று ஓர் ஊர், நாளை வேறோர் ஊர். ஆகவே குழந்தை பெரும்பாலும் தாத்தா பாட்டியிடம் வளர்ந்தது. லைட்செல் இசை கற்றார். பியானோ நன்றாக வாசிப்பார். ஐந்து மொழிகள் பேசுவார். அவரை இசைக் கலைஞராக்கிவிடலாம் என்று வீட்டார் எண்ணியிருக்கலாம். ஆனால் கயிறும் வளையமும் அவரை விடவில்லை. தாயாரும் சிற்றன்னையரும் பயிற்சி செய்வதைப் பார்த்துப் பார்த்துத் தாமும் தொங்கப் பழகினார்.

தாயாரும் அவருடைய சகோதரிகளும் லீமி லேடீஸ் என்ற குழுவில் வித்தை காட்டி வந்தனர். லைட்செல் இளவயதிலேயே அக்குழுவில் சேர்ந்தார். அந்தக் குழு அமெரிக்கா சென்று பார்னம் அண்ட் பெய்லி சர்க்கஸில் பங்கேற்றது. பின்னர் மற்றவர்கள் ஐரோப்பா திரும்பியபோது லைட்செல் மட்டும் திரும்பவில்லை. தெரியாத நாட்டில் ஓர் இளம்பெண் தனியாகத் தங்கிவிட்டார். பாட்டும் நாடகமும் வித்தையும் கலந்து நடக்கும் சிறு மேடைகளில் தனி ஆளாக ஆடிப் பிழைத்தார். 1915ஆம் ஆண்டு ரிங்லிங் சகோதரர்களின் சர்க்கஸ் அவரைச் சேர்த்துக்கொண்டது. 1919இல் ரிங்லிங் சர்க்கஸும் பார்னம் அண்ட் பெய்லி சர்க்கஸும் ஒன்றாயின. அந்த மாபெரும் நிறுவனத்தின் தலையாய நட்சத்திரமாக லைட்செல் விளங்கினார்.

அவர் செய்த வித்தையின் அருமையை உணர வளையம் என்பது என்ன என்று முதலில் அறிய வேண்டும். இன்றைய சீருடற்பயிற்சிப் போட்டிகளில் ஆண்களுக்கான பிரிவில் வளையங்கள் உண்டு. உயரே இருந்து தொங்கும் இரண்டு வார்களின் நுனியில் இரண்டு வளையங்கள். அவற்றுக்கிடையே இடைவெளி 50 சென்டிமீட்டர். ஒவ்வொன்றின் உள்விட்டம் 18 சென்டிமீட்டர். 1896இல் ஏதென்ஸில் நடந்த முதல் நவீன ஒலிம்பிக்கிலேயே இப்போட்டி இடம்பெற்றது. பள்ளித் திடலில் உள்ள தொங்குகம்பி அசையாது. பிடித்தால் பிடித்த இடத்தில் நிற்கும். வளையமோ எப்பக்கமும் அசையும். உடலைத் தூக்குவதற்கு முன்னால் வளையத்தை அசையாமல் நிறுத்தவே பாதி பலம் செலவாகிவிடும். இரு கைகளையும் பக்கவாட்டில் நீட்டிச் சிலுவைபோல் உடலை நிறுத்தும் வீரரின் கைகள் நடுங்குவதைத் தொலைக்காட்சியில் பார்த்தாலே இது விளங்கும்.

அந்த இரண்டு கைகளில் ஒன்றை எடுத்துவிட்டால் என்ன ஆகும்? சுமை இரு மடங்காகும் என்று கணக்குப் போடுவோம். அது பாதி உண்மைதான். இரு கைகள் இருக்கும்போது உடல் நடுவில் நிற்கிறது. ஒரு கை விடுபட்டதும் உடல் கயிற்றில் கட்டிய வாளிபோலச் சுழலத் தொடங்கும். அந்தச் சுழற்சியைத் தடுக்க முதுகு, வயிறு, விலா ஆகிய எல்லாத் தசைகளும் ஒரு பக்கமாக இழுத்துப் பிடிக்க வேண்டும். எல்லாவற்றிலும் மேலாகத் தோள்மூட்டு இருக்கிறது. நம் உடலில் மிகுதியாக அசையக்கூடிய மூட்டு அதுவே. சிறிய தட்டின்மேல் பெரிய பந்தை வைத்தாற்போல அமைந்த அந்த மூட்டை, சுற்றியுள்ள தசைகளும் தசைநாண்களுமே விலகாமல் பிடித்து வைத்திருக்கின்றன. தசை சில மாதப் பயிற்சியில் வலுப்பெறும். தசைநாணுக்கு இரத்த ஓட்டம் குறைவு, அது வலுப்பெற நெடுங்காலம் ஆகும். தசை தயாராகிவிட்டது என்று நம்பி, தசைநாண் தயாராகும் முன்னரே ஒற்றைக் கைப் பயிற்சியில் இறங்கியவர்கள் பலர் தோளைக் கெடுத்துக்கொண்டுள்ளனர். லைட்செல் சிறு வயதிலிருந்தே தொங்கிப் பழகியவர். அவருடைய தோளுக்குக் கிடைத்த அந்த நீண்ட காலம்தான், பிறர் காணாத முதலீடு.

அவருடைய உயரம் சுமார் 145 சென்டிமீட்டர். காலணி மிகச் சிறியது. ஆனால் தோளும் மேற்கையும் அந்தச் சிறு உடலுக்குப் பொருந்தாத அளவு திரண்டிருந்தன. வளைய வித்தைக்குச் சிறிய உடல் ஒரு வரம். தூக்க வேண்டிய எடை குறைவு, அதைத் தூக்கும் கை வலிது.

1918ஆம் ஆண்டு பிலடெல்பியா நகரின் ஹெர்மன் உடற்பயிற்சிக் கூடத்தில் லைட்செல் தம் கைவலிமையைச் சோதித்துக் காட்டினார். ஒற்றைக் கையால் கம்பியைப் பிடித்துத் தொங்கி, மோவாய் மேலே வரும்வரை உடலை இழுக்க வேண்டும். வலக்கையால் 27 முறை இழுத்தார். சற்று ஓய்ந்து இடக்கையால் 19 முறை இழுத்தார். அதற்கு முன்பு ஆண்களில் ஒருவர் செய்திருந்த 12 முறை என்பதே சாதனையாகக் குறிக்கப்பட்டிருந்தது. இந்த எண்கள் பின்னாளில் சாதனைப் புத்தகங்களில் ஏறின. வலிமைப் பயிற்சியில் ஈடுபடுவோர் சிலர் இதை இன்றும் ஐயுறுகின்றனர். அசையாமல் தொங்கி, கையை முழுவதும் நீட்டி, உடலை வீசாமல் இழுத்தாரா, அல்லது சர்க்கஸில் பழகிய வீச்சைச் சற்றே பயன்படுத்தினாரா என்பது அவர்கள் கேள்வி. கேள்வி நியாயமானதே. உடலை வீசி எழும்புவதும் வீசாமல் இழுப்பதும் ஒன்றல்ல. ஆயினும் வளர்ந்த ஆண்களில் மிகப் பெரும்பாலோரால் வீசியோ வீசாமலோ ஒரு முறைகூட இதைச் செய்ய இயலாது. முயன்று பார்ப்பவர் அந்த ஒரு முறையிலேயே 27இன் பொருளை அறிவார்.

இனி அவருடைய சர்க்கஸ் காட்சிக்கு வருவோம். ரிங்லிங் சர்க்கஸின் கூடாரத்தில் ஒரே நேரத்தில் பல அரங்குகளில் பல வித்தைகள் நடக்கும். யானை ஒரு பக்கம், குதிரை ஒரு பக்கம், கோமாளி ஒரு பக்கம். லைட்செல் வரும் நேரத்தில் மட்டும் எல்லாம் நின்றுவிடும். விளக்கொளி முழுவதும் அவர்மீது விழும். அவரை அழைத்துவர நெடிய உருவம் கொண்ட பணியாளர் ஒருவர் உடன் வருவார். அருகில் அத்தகைய ஆள் நிற்கும்போது லைட்செல் இன்னும் சிறியவராகத் தெரிவார். அது தற்செயல் அன்று. மேடை நுணுக்கம் அறிந்தவர் அவர்.

தொங்கும் கயிற்றில் அவர் ஏறும் விதமே தனி. நாம் தென்னை ஏறுவதுபோல் காலை ஊன்றி ஏறமாட்டார். கயிற்றைக் கையால் பற்றி, உடலைக் கயிற்றின்மேல் உருட்டி உருட்டி, அலை எழுவதுபோல் மேலே போவார். உச்சியில் இரண்டு வளையங்கள் காத்திருக்கும். அவற்றில் தொங்குவார், தலைகீழாக நிற்பார், சுழலுவார். கீழே வலை கிடையாது. முதல் பகுதி முடிந்ததும் கீழே இறங்கி, கைதட்டலை ஏற்றுக்கொண்டு, மீண்டும் மேலே போவார்.

இரண்டாவது பகுதிக்குத்தான் மக்கள் காத்திருப்பர். மென்துணி சுற்றிய ஒரு கயிற்றுக் கண்ணியில் வலக்கை மணிக்கட்டை நுழைப்பார். அந்தக் கண்ணி ஓர் உலோகச் சுழலியில் மாட்டப்பட்டிருக்கும். சுழலி என்பது தானே சுழலும் சிறு கருவி. அது இல்லாவிட்டால் கயிறு முறுக்கேறி வித்தை நின்றுவிடும். இந்தச் சுழலியை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். லைட்செல் ஒற்றைக் கையில் தொங்கியவாறு காலை வீசி உடலை மேலே எழுப்புவார். உடல் தோளுக்கு மேலாகத் தலைகுப்புறப் புரண்டு மறுபக்கம் விழும். விழுந்த வேகத்திலேயே அடுத்த சுற்று எழும். ஒவ்வொரு சுற்றிலும் தோள்மூட்டு தன் குழியிலிருந்து சற்றே நழுவி மீண்டும் வந்து பொருந்தியது என்று அவருடைய வாழ்க்கையை எழுதியோர் குறிப்பிடுவர். தலைமுடியை வேண்டுமென்றே தளர்வாக முடிந்திருப்பார். சுழலச் சுழல ஊசிகள் கழன்று பொன்னிறக் கூந்தல் அவிழ்ந்து பறக்கும். மக்கள் எண்ணுவார்கள். நாள்தோறும் நூறு சுற்றை ஒட்டி நடக்கும் இவ்வித்தையில் ஒருமுறை 249 சுற்றுகள் சுற்றியதாகப் பதிவு உண்டு.

கைதட்டலுக்குப் பின்னால் ஒரு புண் இருந்தது. கண்ணியில் என்னதான் துணி சுற்றினாலும் கயிறு மணிக்கட்டை அறுத்தது. பகலில் ஒரு காட்சி, இரவில் ஒரு காட்சி. வாரத்தில் ஆறு நாள். வசந்தம் முதல் இலையுதிர் காலம்வரை. ஆறத் தொடங்கும் தோல் அன்றிரவே மீண்டும் கிழியும். அதே ஆண்டுகளில் ஜொகூர்த் தோட்டங்களில் நம் முன்னோர் இருள் பிரியுமுன் எழுந்து, ஒரே கைவீச்சால் நூற்றுக்கணக்கான மரங்களில் பால் சீவினர். ஒரே அசைவை ஒரே மூட்டு ஆயிரக்கணக்கான முறை செய்தால் என்ன ஆகும் என்பதை அவர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. லைட்செலின் மணிக்கட்டில் புண் முழுமையாக ஆறியதே இல்லை எனலாம். கிருமித் தொற்றும் ஏற்பட்டது. பெனிசிலின் மருந்து 1928இல்தான் கண்டறியப்பட்டது. மக்கள் கைக்கு வந்தது 1940களில். ஆகவே 1920களில் ஒரு சிறு புண்ணில் சீழ் வைத்தால் கையோ உயிரோ போகக்கூடும். கட்டுப் போட்டு, அதைப் பட்டால் மறைத்து, மீண்டும் அதே கையை அதே கண்ணிக்குள் நுழைத்தார்.

சுற்றுகளைக் குறைத்திருக்கலாமே என்று கேட்கத் தோன்றும். ஐம்பதோடு நிறுத்தியிருந்தாலும் எந்த முதலாளியும் அவரை வெளியே அனுப்பியிருக்கமாட்டார். ஆனால் மக்கள் வாய்விட்டு எண்ணுகிறார்கள். எண்ணத் தொடங்கிய கூட்டத்தின் முன் குறைத்து நிறுத்த அவருக்கு மனம் வரவில்லை. அவருடைய புகழும் அந்த எண்ணில்தான் இருந்தது, அவருடைய வலியும் அந்த எண்ணில்தான் இருந்தது.

பழகுவதற்கு எளியவர் அல்லர் லைட்செல். கோபம் வந்தால் கையில் கிடைத்ததை வீசுவார். பணியாளரைக் கன்னத்தில் அறைந்ததும் உண்டு. அவருக்குத் துணையாக இருந்த மேபல் கிளெமிங்ஸ் என்ற பணிப்பெண்ணை எத்தனையோ முறை வேலையை விட்டு நீக்கினார். அத்தனை முறையும் சிறிது நேரத்தில் திரும்ப அழைத்துக்கொண்டார். சர்க்கஸ் ரயிலில் அவருக்கெனத் தனிப்பெட்டி இருந்தது. அதில் ஒரு பியானோவும் இருந்தது. வேறெந்தக் கலைஞருக்கும் அதுவரை கிடைக்காத வசதி அது. இந்தச் செருக்கெல்லாம் பெரியவர்களிடம்தான். சர்க்கஸ் குடும்பங்களின் குழந்தைகளுக்கு அவர் லைட்செல் அத்தை. அவர்களைத் தம் கூடாரத்துக்கு அழைத்துப் பாடம் சொல்லித் தருவார், பிறந்தநாள் கொண்டாடுவார். பள்ளிக்கே போக வாய்க்காமல் ஊர் ஊராக அலைந்த அக்குழந்தைகளிடம், தாமும் சர்க்கஸ் குடும்பத்தில் பிறந்த ஒரு பெண் காட்டிய பரிவு அது.

1928ஆம் ஆண்டு ஜூலை மாதம் சிகாகோ நகரில் ஆல்பிரெடோ கொடோனாவை மணந்தார். மெக்சிகோ வழிவந்த ஆல்பிரெடோவும் அதே சர்க்கஸின் பெரிய கலைஞர். ஊஞ்சல் கம்பியிலிருந்து பாய்ந்து, காற்றிலேயே மூன்று குட்டிக்கரணம் அடித்து, எதிரே தொங்கும் தம்பி லாலோவின் கைகளைப் பற்றுவார். அந்நாளில் மூன்றாவது கரணத்தில் உயிரைவிட்டோர் பலர். காற்றில் வாழ்ந்த இருவர் கணவன் மனைவியாயினர். இருவருக்கும் முன்கோபம் உண்டு. பிணக்கும் நிறைய, அன்பும் நிறைய.

அமெரிக்காவில் சர்க்கஸ் ஓய்ந்திருக்கும் குளிர்காலத்தில் இருவரும் ஐரோப்பாவுக்குச் சென்று உள்ளரங்குகளில் ஆடுவது வழக்கம். 1931ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஆல்பிரெடோ பெர்லினில் இருந்தார். லைட்செல் டென்மார்க் நாட்டின் தலைநகர் கோப்பன்ஹேகனில் வலென்சியா அரங்கில் ஆடிக்கொண்டிருந்தார். பிப்ரவரி 13, வெள்ளிக்கிழமை. லைட்செல் வழக்கம்போல் உயரே வளையத்தில் தொங்கினார். வளையத்தைத் தாங்கிய சுழலி முறிந்தது. லைட்செல் தரையில் விழுந்தார்.

செய்தி கேட்ட ஆல்பிரெடோ பெர்லினிலிருந்து விரைந்து வந்தார். மருத்துவமனையில் மனைவி நினைவோடு இருந்தார், பேசினார். தமக்குப் பெரிதாக ஒன்றுமில்லை என்றும், ஒப்பந்தம் இருப்பதால் திரும்பிச் சென்று ஆடும்படியும் கணவரை வற்புறுத்தினார். அவர் தேறிவிடுவார் என்று நம்பிய ஆல்பிரெடோ பெர்லினுக்குப் புறப்பட்டார். பிப்ரவரி 15ஆம் நாள் லைட்செல் காலமானார். கணவர் அப்போது அருகில் இல்லை. அவருக்கு வயது 39.

முறிந்தது அவருடைய கை அன்று. ஆயிரக்கணக்கான முறை கிழிந்த மணிக்கட்டு கடைசிவரை பிடியை விடவில்லை. நழுவி நழுவிப் பொருந்திய தோளும் விடவில்லை. விட்டது உலோகம். ஒரு கம்பியை ஒருமுறை வளைத்தால் ஒன்றும் ஆகாது. அதே இடத்தில் மீண்டும் மீண்டும் வளைத்தால் திடீரென ஒடிந்துவிடும். உலோகத்தின் உள்ளே கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு சிறிது சிறிதாகப் பரவுவதே காரணம். உலோகச் சோர்வு என்று பொறியாளர்கள் இதைக் குறிப்பிடுவர். உடலில் புண் உண்டானால் வலி சொல்லிவிடும். உலோகத்துக்கு வலி இல்லை. அது முன்னறிவிப்புத் தராது. அதனால்தான் இன்று சீருடற்பயிற்சிக் கூடங்களில் வளையம், வார், கொக்கி, சுழலி அனைத்தையும் குறித்த காலத்தில் சோதிக்கிறார்கள். பார்வைக்கு நன்றாக இருந்தாலும் பழையனவற்றை மாற்றிவிடுகிறார்கள். கீழே தடித்த மெத்தையும் விரித்து வைக்கிறார்கள்.

1958ஆம் ஆண்டு அமெரிக்காவில் சர்க்கஸ் புகழ்மன்றம் ஒன்று அமைக்கப்பட்டபோது முதலில் சேர்க்கப்பட்ட பெயர் லில்லியன் லைட்செல். அவருடைய அஸ்தியை ஆல்பிரெடோ கலிபோர்னியாவுக்குக் கொண்டு சென்று இங்கிள்வுட் கல்லறைத் தோட்டத்தில் வைத்தார். அதன்மேல் வெண்கல்லால் ஆன நினைவுச் சின்னம் ஒன்றை எழுப்பினார். சிறகு விரித்த ஓர் உருவம் ஒரு பெண்ணை அணைத்தபடி நிற்கிறது. அதற்குக் கீழே கல்லில் இரண்டு வளையங்கள் செதுக்கப்பட்டுள்ளன. அவற்றில் ஒன்றின் கயிறு அறுந்திருக்கிறது.